பச்சைப் பந்து

என்னைக் கை நீட்டி அடிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க தம்பி? குடிகாரனா, போலீஸ்காரனா? ரெண்டும் இல்ல. ஒரு பொம்பளைப் பிள்ளை. என் கடைசி மக வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டு, காத்தடிச்சா ஒடிஞ்சு விழுத மாதிரி ஒல்லியா இருக்கும். பேசினா பக்கத்துல நிக்கவனுக்கே கேக்காது. அதுதான் அடிச்சுது. இந்தா, இந்தக் கன்னத்துல. ஆஸ்பத்திரி வராந்தாவுல, வர்ற சனம் போற சனம் அத்தனை பேரும் பாக்க. ஒரு பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு, அதுவும் போயிட்டு.

நல்லா உக்காருங்க. சாரல் அடிக்கி, அந்தக் கண்ணாடியை இறக்கி விடுங்க. பையைக் காலடியில போடுங்க, யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ. நீங்க அம்பாசமுத்திரமா? நல்லதாப் போச்சு. நான் கல்லூத்துக்கு ரோடு பிரியுத விலக்குல எறங்கணும். பேச்சுத்துணைக்கு ஆளு இல்லன்னா எனக்குப் பஸ்ஸுல உக்காரவே ஏலாது.

பலவேசம்னு பேரு. படிப்பு மூணாப்பு. அதுலயும் வாத்தியாரு என்னை முக்காவாசி நேரம் வெளியிலதான் நிப்பாட்டி வச்சிருப்பாரு. நான் வெளிய நின்னே அவ்வளவையும் கேட்டுக்கிடுவேன். எனக்குக் காது அப்படி. அடுத்த தெருவுல ரெண்டு பொம்பளைங்க குசுகுசுன்னு பேசினா, எவளைப் பத்திப் பேசுதாவன்னு இங்கன இருந்து சொல்லிருவேன். என் வீட்டுக்காரி சொல்லுவா, "உங்க காதுல ஈயத்தைக் காய்ச்சித்தான் ஊத்தணும்"னு. வாய்த்துடுக்கு. ரெண்டு போட்டாத்தான் அடங்குவா. போய்ச் சேந்துட்டா, பாவம். நல்ல மனுசி.

எந்த ஆஸ்பத்திரியா? சொல்லுதேன். பிள்ளைங்களுக்கு மனசு சரியில்லன்னா பாக்குத ஆஸ்பத்திரி. தென்காசி பக்கம், ஒரு டிரஸ்ட்டு நடத்துது. பள்ளிக்கூடம்னாலே வாந்தி எடுக்குத பிள்ளை வரும். பிளேடால கையைக் கீறிக்கிடுத பிள்ளை வரும். செல்போனைப் புடுங்கினதுக்குத் தாயை அரிவாள்மனையால வெட்ட வந்த பய ஒருத்தன் வந்தான். நான் அங்க வாசல்ல ஆளு. கூப்பிட்டா உள்ள விடணும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தணும், எவனாவது எகிறினா அமுக்கிப் பிடிக்கணும்.

எகிறாத நாளே கெடையாது தம்பி. ஒரு பக்கம் ஒரு பய செவத்துல மண்டையை இடிப்பான். இன்னொரு பக்கம் ஒரு அப்பன், "டாக்டர் முன்னாடி என் மானத்தை வாங்குதியா"ன்னு பெல்ட்டை உருவுவான். இந்தா, முழங்கைக்குக் கீழ பாருங்க, பல்லுத்தடம். சுரண்டைப் பய ஒருத்தன் கடிச்சது. சதையோட வந்துட்டு. நானும் சும்மா விடல. எங்கிட்ட ஒரு வித்தை உண்டு. அமுக்கிப் பிடிக்கையில உள்தொடையில ஒரு கிள்ளு. வெளிய தெரியாது. சத்தம் டக்குன்னு நின்னுரும். "அண்ணாச்சி கை பட்டா பிள்ளை என்னமா அடங்குது"ன்னு தாய்மாரெல்லாம் அதிசயப்படுவாவ. பிள்ளைங்க மேல எனக்கு அம்புட்டுப் பிரியம். பிரியம் இல்லாதவனால அந்த வேலை பாக்க முடியாது.

அப்பத்தான் புது டாக்டரம்மா வந்தாவ. ரெஜினான்னு பேரு. வந்ததும் எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சாவ. என்னையும் நாற்காலியிலதான் உக்காரச் சொன்னாவ, தரையில இல்ல. அதை இன்னைக்கும் சொல்லணும்.

"ஒரு தடவை வந்த குடும்பம் திரும்பி வரமாட்டேங்குது. நம்மகிட்ட என்னமோ குறை இருக்கு. அது என்னன்னு அவங்ககிட்டயே கேப்போம். இனிமே இங்க வர்றவங்க மனசு நெறைஞ்சு போகணும். அது டாக்டர் வேலை மட்டும் இல்ல, வாசல்ல நிக்கிற பலவேசம் அண்ணன் வேலையும்தான்" அப்படின்னாவ.

தம்பி, அந்த வார்த்தை எனக்கு நெஞ்சுல அப்படியே பதிஞ்சு போச்சு. அதுவரைக்கும் எவனும் எங்கிட்ட உன் வேலைன்னு ஒண்ணைச் சொன்னதில்ல. கதவைத் தொற, கதவைச் சாத்து, அம்புட்டுத்தான்.

செவத்துக்கெல்லாம் புதுப் பெயிண்டு அடிச்சாவ. விளையாட்டுச் சாமான் வந்துச்சு. மணிக்கணக்கா காத்துக் கெடக்காம, ஆளுக்கொரு நேரம் குறிச்சுக் குடுத்தாவ. அப்பொறம் வெளிய போற வாசல்ல ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. மனசு நெறைஞ்சா பச்சைப் பந்து போடணும், சுமாருன்னா மஞ்சள், நெறையலன்னா சிவப்பு. பந்துக்கூடை என் பொறுப்பு. "பெரியவங்களுக்கு ஒரு பந்து, பிள்ளைக்கு ஒரு பந்து. பிள்ளை போடுறதுதான் நமக்கு முக்கியம் அண்ணே" அப்படின்னாவ டாக்டரம்மா.

பிள்ளை கையில பந்தைக் குடுத்தா விளையாடுமா, போடுமா? நீங்களே சொல்லுங்க. மொத நாளே ஒண்ணு ரோட்டுக்கு உருட்டிட்டு, நான் லாரிக்கு இடையில புகுந்து எடுத்தேன். அன்னைக்கோட பிள்ளைங்களுக்குக் குடுக்கதை நிப்பாட்டிட்டேன். ரெண்டையும் பெரியவங்க கையிலயே குடுத்துருவேன். பெத்தவன் மனசு நெறைஞ்சா பிள்ளை மனசு நெறைஞ்ச மாதிரிதானே?

ஆனா பாருங்க, விழுந்ததெல்லாம் சிவப்பு. ஜாடி ரத்தம் ரொப்பின மாதிரி இருக்கு. டாக்டரம்மா தெனமும் சாயங்காலம் அதைப் பாத்துட்டு மொகம் வாடிப் போவும். எனக்குப் பொறுக்கல. ஒவ்வொருத்தரையா நிப்பாட்டி, "ஏன் தாயி சிவப்பு போடுதிய? என்ன குறை?"ன்னு கேட்டேன். எல்லாரும் ஒரே குறையைத்தான் சொன்னாவ. "எங்களை வெளிய உக்கார வச்சுட்டு பிள்ளையை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போறாவ. உள்ள என்ன பேசுச்சுன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்காவ."

அது அங்க சட்டம். உள்ள பிள்ளை பேசுதது உள்ளயே இருக்கணுமாம். பிள்ளை சம்மதிச்சாத்தான் பெத்தவங்ககிட்டயே சொல்லுவாவளாம். அந்த நம்பிக்கையிலதான் பிள்ளை வாயைத் தொறக்குமாம். என்னத்தச் சொல்ல! பெத்தவனுக்குத் தெரியாம பிள்ளைக்கு என்ன ரகசியம் வேண்டிக் கெடக்கு?

பேசுத ரூமுக்கும் வராந்தாவுக்கும் நடுவுல பிளைவுட்டுத் தடுப்புதான். நான் என் ஸ்டூலைக் கொஞ்சமாத் தள்ளிப் போட்டேன். அங்கதான் ஃபேன் காத்து நல்லா வரும்னு சொல்லிக்கிட்டேன்.

மொத நாளே பலன் தெரிஞ்சுட்டு. கடையநல்லூர்ல இருந்து ஒரு அம்மா வந்தாவ, பத்தாப்பு படிக்குத மகனோட. அந்தப் பய உள்ள சொன்னான், பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு குளத்துக்கரையில உக்காந்திருக்கானாம், செத்துரலாமான்னு தோணுதாம். நான் அந்த அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, "ஒம்ம மகன் பள்ளிக்கூடத்துக்கே போகல தாயி"ன்னு சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. ரெண்டு பந்தும் பச்சை! அப்பொறம் பஸ் ஸ்டாப்புல வச்சு மகனைச் செருப்பால அடிச்ச அடி இருக்கே, வாரு அறுந்து போச்சு. பய கீழ கெடக்கான், மூக்கு உடைஞ்சு சட்டையெல்லாம் ரத்தம், அப்பவும் விடல. அன்னைக்கோட திருந்திட்டான் போல. அதுக்குப் பொறவு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்ல.

அப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல ஆரம்பிச்சேன். எம்புட்டுச் சந்தோசப்பட்டாவங்கிறீங்க! ஜாடி பச்சையா ஆயிட்டே வந்துச்சு. டாக்டரம்மா லட்டு வாங்கி எல்லாருக்கும் குடுத்தாவ. "பலவேசம் அண்ணன் என்ன மந்திரம் போட்டாங்களோ"ன்னு சிரிச்சாவ. அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை சிரிக்கல. ஹேமலதான்னு பேரு, பிள்ளைங்ககிட்டப் பேசுதது அதுதான். "பிள்ளைங்க முன்ன மாதிரி பேச மாட்டேங்குது மேடம். வாயைத் தொறக்க முன்னால அந்தத் தடுப்பைப் பாக்குதுங்க"ன்னு சொல்லிச்சு. நான் லட்டைத் தின்னுக்கிட்டே கேட்டேன். நல்ல நாளும் அதுவுமா ஏதாவது குத்தம் கண்டுபிடிக்கணும் அதுக்கு.

இப்ப கொம்பையா கதைக்கு வாறேன். கேக்கிறீங்கல்ல? தூக்கம் வந்தா சொல்லுங்க.

கொம்பையா மரமில்லு வச்சிருக்கான். கைன்னா கை அப்படி, உலக்கை. ஆனா மரியாதை தெரிஞ்சவன். என்னை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவான், எனக்கு டீ சொல்லாம அவன் டீ குடிக்க மாட்டான். அவனுக்கு ஒரே பிள்ளை, பிரவீணா. ஒம்பதாப்பு. தாய் கிணத்துல வழுக்கி விழுந்து செத்துப் போச்சு. அதைத் தூக்கி வெளிய போட்ட நாள்ல இருந்து பிள்ளைக்குப் பேச்சு நின்னு போச்சு. ஒத்த வார்த்தை கெடையாது. பள்ளிக்கூடத்துல வற்புறுத்தி இங்க அனுப்பி வச்சாவ.

அவன் பிள்ளையைக் கூட்டிட்டு வர்றதே ஒரு அழகு. பிடரியில கையைப் போட்டு, விடாமப் பிடிச்சுக்கிட்டே வருவான். பாசம். கதவு வரைக்கும் விரலு சதையில அழுந்திக் கெடக்கும். உள்ள அனுப்பிட்டு டீக்கடையில உக்காரமாட்டான், வராந்தாவுல அங்கயும் இங்கயும் நடப்பான். வெளிய வந்ததும் மொதக் கேள்வி எங்கிட்டத்தான். "பேசுச்சா அண்ணாச்சி?"

"இல்லியே கொம்பையா."

"பேசினா எனக்குத் தெரியணும். என்ன பேசுதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

எத்தனை அப்பன்மாரு இப்படிக் கேப்பாவ? வேலையைப் போட்டுட்டு மக பேச்சைக் கேக்கணும்னு தவங்கெடக்கான்! ஆனா பந்து மட்டும் சிவப்புதான். ஒரு நாளு ஓங்கி எறிஞ்சான், ஜாடியில கீறலே விழுந்துட்டு. இன்னொரு நாளு அந்தப் பிள்ளை எங்கிட்டக் கையை நீட்டிச்சு, பந்துக்கு. உள்ளங்கையைக் குவிச்சுக்கிட்டு என் மொகத்தையே பாத்துச்சு. நான் கொம்பையா கையிலதான் குடுத்தேன். கொம்பையா பிள்ளையோட விரலைப் பிடிச்சு ஒரு மடக்கு மடக்கினான். கண்ணுல தண்ணி வந்துச்சே தவிர சத்தம் வரல பாருங்க அதுக்கு. எம்மாடி, என்ன வைராக்கியம்!

ஹேமலதா பொண்ணு சளைக்கல. வாரா வாரம் உள்ள உக்காந்து களிமண்ணு உருட்டும், படம் போடும், அதுவே பேசும், அதுவே சிரிக்கும். பேசாத பிள்ளைகிட்ட என்னத்தப் பேசன்னு எனக்குக் கொட்டாவி வரும்.

ஒரு நாளு, மத்தியானம் இருக்கும், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் குரலு கேட்டுச்சு. கம்மிப் போன குரலு, துருப்பிடிச்ச கதவைத் தொறந்த மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுட்டு தம்பி. பிள்ளை பேசிட்டு!

என்ன பேசுச்சுன்னு கேக்கிறீங்களா? சொல்லுதேன். "எங்கம்மா வழுக்கி விழல"ன்னுச்சு. "அப்பா அம்மா தலைமுடியைப் பிடிச்சு கிணத்துச் செவத்துல அடிச்சாங்க. அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அம்மா கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. அப்பொறம் ஆடல. அப்பொறம் தூக்கி உள்ள போட்டாங்க. நான் மொட்டைமாடியில நின்னேன்."

ஹேமலதா, "நீ பாத்தது அப்பாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு.

"தெரியாது. தெரிஞ்சா என்னையும்..." அதோட அழுகை வந்துட்டு.

"உன்னை இன்னைக்கு அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டோம்டா. அஞ்சே நிமிசம் இரு, டாக்டர்கிட்டச் சொல்லிட்டு ஓடி வாறேன்"னு சொல்லிட்டு அது பின்வாசல் வழியா ஓடிச்சு.

பிள்ளைங்க ஆயிரம் சொல்லும். பயந்த கண்ணுக்கு என்னென்னவோ தோணும். எந்த வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டை இல்ல? நான் அதையெல்லாம் மனசுல எடுத்துக்கிடல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பேசாத பிள்ளை பேசிட்டு. அப்பன் இத்தனை நாளு காத்துக் கெடந்தது இதுக்குத்தான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினேன். அன்னைக்குப் பாத்து அவன் டீக்கடைப் பக்கம் போயிருந்தான். "ஏ கொம்பையா! பிள்ளை பேசிட்டுடா!"

அவன் கையில இருந்த டீ அப்படியே சாஞ்சு கால்ல ஊத்துது, அவனுக்குத் தெரியல. "என்ன சொல்லிச்சு?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன். எங்கிட்டக் கேட்டா ஒரு வார்த்தை சிந்தாது.

அவன் கோவப்படல தம்பி. அதான் என்னால மறக்க முடியல. மொகம் குளிர்ந்து போச்சு. "வேற யாருகிட்டயாவது சொல்லிச்சா?"ன்னு மெதுவாக் கேட்டான். "இனிமேத்தான் அந்தப் பொண்ணு டாக்டர்கிட்டச் சொல்லப் போயிருக்கு"ன்னேன். விறுவிறுன்னு நடந்து வந்தான். நேரா உள்ள போனான், பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்தான். வாசல்ல வந்ததும் அந்தப் பிள்ளை கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது. அவன் இடுப்பைப் பிடிச்சு இழுக்கான், கதவே பேந்துரும் போல ஆடுது. வராந்தாவுல சனம் பாக்குது. நான்தான் போயி, "தாயி, அப்பாதானே, வா"ன்னு சொல்லி, அந்த விரலையெல்லாம் ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன். எம்புட்டு இறுக்கம்! ஒரு நகம் பேந்து நிலையிலயே ஒட்டிக்கிட்டு. அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பாத்துச்சு. என்னைத் திட்டவும் இல்ல, கும்பிடவும் இல்ல. சும்மா பாத்துச்சு.

கொம்பையா கூடைக்குள்ள கையை விட்டு ஒரு பந்தை எடுத்தான். பச்சை. எறியல. சாமிக்குப் பூ வைக்கித மாதிரி ஜாடிக்குள்ள மெதுவா வச்சான். "ரொம்ப திருப்தி அண்ணாச்சி"ன்னான்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் தம்பி நான் அத்தனை நாளும் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தது.

ஹேமலதாவும் டாக்டரம்மாவும் ஓடி வந்தப்ப கொம்பையா பைக்கு தெருமுனை திரும்பிட்டு. அந்தப் பொண்ணு செருப்புகூட இல்லாம ரோட்டுல கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடிச்சு. டாக்டரம்மா போலீசுக்குப் போன் போட்டாவ. போலீஸு மொதல்ல வீட்டுக்குப் போச்சு. அவன் வீட்டுக்குப் போகல, மில்லுக்குப் போயிட்டான். மரம் அறுக்குத மிசினை ஓட விட்டுட்டானாம், உள்ள என்ன நடந்தாலும் வெளிய கேக்காது. ரீப்பர் கட்டையை எடுத்து வாயிலயே அடிச்சிருக்கான். பேசின வாயிலயே. தாடை ரெண்டா ஒடைஞ்சு போச்சு. பல்லு மரத்தூள்ல கெடந்துச்சாம். லோடு ஏத்த வந்த ஆளு ஒருத்தன் பாத்துட்டு, பின்னால இருந்து கடப்பாறையால கொம்பையா கையில ஒரு போடு போட்டுத்தான் பிள்ளையை இழுத்துக்கிட்டு வெளிய ஓடியாந்தானாம். இன்னும் ரெண்டு அடி விழுந்திருந்தா பிள்ளை இல்ல.

கோவம் தம்பி. மில்லுக்காரன், கைவாகு அப்படி. கொஞ்சம் அளவு தெரியாம விழுந்துட்டு.

மறுநாளு ஆஸ்பத்திரியே எழவு வீடு மாதிரி இருக்கு. "யாரு சொன்னது? அவனுக்கு யாரு சொன்னது?"ன்னு டாக்டரம்மா ஒவ்வொருத்தரா கேக்காவ. நான் எதுக்கு ஒளிக்கணும்? நான்தான் சொன்னேன்னேன். "பெத்தவன் கேட்டான், சொன்னேன். வர்றவங்க மனசு நெறையணும்னு நீங்கதானம்மா சொன்னீங்க? பாருங்க, பச்சைப் பந்துதான் போட்டுட்டுப் போனான்"னு ஜாடியைத் தூக்கியே காமிச்சேன்.

அப்பத்தான் அந்த ஹேமலதா அடிச்சுது. ஜாடி கீழ விழுந்து சுக்குநூறு. பந்தெல்லாம் வராந்தா பூரா உருளுது. நான் ரத்தத்தைத் துப்பிக்கிட்டே அதைப் பொறுக்கினேன். "தொடாதீங்க. எதையும் தொடாதீங்க. போயிருங்க"ன்னாவ டாக்டரம்மா. அம்புட்டுத்தான். வேலை போச்சு. ஒரு நன்றி உண்டா? அடிக்குத கைக்கு ஒரு கேள்வி உண்டா? மனசு நெறையணும்னு ஆளாளுக்குச் சொல்லுதாவளே, என் மனசை எவனாவது கேட்டானா? எனக்கு ஒரு பந்து குடுத்தா நான் என்ன கலர் போடுவேன்?

நீங்க ஏன் தம்பி ஒரு மாதிரியா இருக்கீங்க? மொகமெல்லாம் வேர்க்கு. வயிறு சரியில்லையா? இந்தாங்க, எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க.

அந்தப் பிள்ளையா? இருக்கு. பெரியாஸ்பத்திரியில தாடையைக் கம்பி வச்சுக் கட்டி, ஸ்ட்ரா வழியாக் கஞ்சி ஊத்தினாவ. இப்பக் கம்பியை எடுத்தாச்சாம், பேச வந்துட்டாம். வர்ற புதன்கிழமை கோர்ட்டுல ஜட்ஜு முன்னாடி தாய் செத்த கதையைச் சொல்லப் போவுதாம். பாத்த சாட்சி வேற ஒருத்தரும் கெடையாதுல்லா. இவன் பிள்ளையை அடிச்ச கேசுல உள்ள போயி, பெயில்ல வந்துட்டான். பிள்ளை பக்கமே போவக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்காவளாம். அதனால பிள்ளையை எங்க வச்சிருக்காவன்னு எவனுக்கும் தெரியாது. பரம ரகசியம்.

எனக்குத் தெரியும்.

விட்டுப்போன என் குடையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கிட்டுப் போன்ல பேசிக்கிட்டிருந்தாவ. கதவு சாத்தினா என் காதுக்கு என்ன? கல்லூத்துல கன்னியாஸ்திரிமாரு நடத்துத இல்லம் இருக்குல்ல, விலக்குல இருந்து கொஞ்சம் உள்ள நடக்கணும், அங்கதான் வச்சிருக்காவ. போன வாரம் கொம்பையா என் வீடு தேடி வந்தான். அப்படியே கால்ல விழுந்துட்டான் தம்பி. "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை பிள்ளை மொகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். புதன்கிழமைக்கு முன்னால பாத்தாகணும். முன்னயும் நீங்கதான் எனக்கு ஒத்தாசை பண்ணினீங்க"ன்னு அழுதான். கல்லு மனசும் கரைஞ்சுரும். சொன்னேன். சொன்னதும் இல்லாம, "ஒன்னை ஒத்தையில உள்ள விடமாட்டாவ, நான் கூட வாறேன்"னும் சொல்லிட்டேன். அங்க கேட்டுல நிக்க அம்மாவுக்கு என்னை நல்லாத் தெரியும், முன்ன அங்கயிருந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருவாவ. ஆஸ்பத்திரி பலவேசம்னு சொன்னாத் தொறந்துருவாவ.

அந்தா, திரும்பிப் பாருங்க. கடைசி சீட்டுல ஜன்னலோரம், ஊதாச் சட்டை. அவன்தான். சேந்து உக்காந்தா எவனாவது பாத்துருவான்னு தள்ளி உக்காந்திருக்கான். மடியில துணிப்பை வச்சிருக்கான் பாருங்க, ஏறின நேரத்துல இருந்து கீழயே வைக்கல. கண்டக்டர் மேல வைக்கச் சொன்னதுக்கு மொறைச்சான். மகளுக்கு ஏதோ வாங்கியிருக்கான் போல. நான் மைசூர்பாகு வாங்கியிருக்கேன். தாடை சரியாகாத பிள்ளைக்கு அதுதானே கரையும்.

எங்க எந்திரிக்கிறீங்க? கண்டக்டர்கிட்டயா? சில்லறையா? அவன் அப்பொறம் தருவான் தம்பி, உக்காருங்க. சரி, போயிட்டு வாங்க. கம்பியைப் பிடிச்சுப் போங்க, வளைவு வருது.

வந்துட்டீங்களா. கண்டக்டர் காதுல என்ன அம்புட்டு நேரம்? இந்த எஞ்சின் சத்தத்துல எனக்கே கேக்கல. அவன் எதுக்கு டிரைவர்கிட்டப் போறான்?

சரி விடுங்க, இந்தா விலக்கு வந்துட்டு. அந்தா ஆலமரம். நான் எறங்குதேன் தம்பி, பேச்சுல நேரம் போனதே தெரியல. கொம்பையா, எந்திரி! கண்டக்டரே, விலக்கு! நிப்பாட்டும்வே. விசிலடியும்! என்னய்யா, நிக்காமப் போவுது? விலக்கு போயிட்டு! டிரைவரே, ஆளு எறங்கணும்!

என் கையை ஏன் பிடிக்கிறீங்க தம்பி? விடுங்க. ஏன் இவன் மெயின் ரோட்டை விட்டுத் திருப்புதான்? இது போலீஸ் ஸ்டேஷன் ரோடுல்லா. கொம்பையா, கதவை மிதிக்காத, பொறு, கேப்போம். ஏல, பைக்குள்ள எதுக்குக் கையை விடுதே? வேண்டாம்ல. பொம்பளைங்க பயப்படுதாவ பாரு. அய்யோ, கண்டக்டர் கையில வெட்டிட்டானே! ரத்தம், ரத்தம். பிடிங்கய்யா அவனை! அந்தக் குடையால கழுத்துல போடுங்க! அப்படித்தான். அமுக்குங்க. அம்புட்டுப் பேரும் மேல ஏறி மிதிக்காதீங்க, செத்துருவான். போலீஸ்காரங்க வந்துட்டாவ. எடம் விடுங்க.

அது வெட்டுக்கத்திதான் தம்பி. மில்லுக்காரன் கையில கத்தி இருக்கதுல என்ன அதிசயம்? அதுக்குப்போயி என்னையும் எறங்கச் சொல்லுதாவ. நான் என்ன செஞ்சேன்? என் மைசூர்பாகு மிதிபட்டுக் கெடக்கு.

நீங்கதானே சொன்னீங்க? கண்டக்டர் காதுல நீங்கதானே ஓதினீங்க? படிச்ச பிள்ளை, பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளையா இருக்கீங்க. நான் உங்களை நம்பித்தானே தம்பி என் மனசுல உள்ளதைச் சொன்னேன்? ஒருத்தன் நம்பிச் சொன்னதை அப்படியே கொண்டு போயி இன்னொருத்தன் காதுல போடலாமா?

அது பாவமில்லையா தம்பி?